மாப்பிள்ளை சர்பத்

“மெதுவாக் குலுக்குடா, அப்பா காதுல விழப்போகுது” என்று அவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

தம்பி இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை வாயோடு வாய் வைத்து அழுத்தி, மேலே ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு குலுக்கினான். துண்டையும் மீறி ஐஸ் சளசளத்தது.

“மெதுவாக் குலுக்கினா நுரை வராதுக்கா.”

அப்பா கேட்டது மாப்பிள்ளை சர்பத். விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான் சங்கதி. பெயர் வைத்தது அப்பா. அவள் கணவன் வங்கி மேனேஜர். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் செல்போனில் பார்த்துப் பார்த்து எதையாவது கலக்குவான். வெயில் காலத்தில் தர்பூசணியும் புதினாவும் நசுக்கிப் போட்ட ஜின், குளிர் காலத்தில் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் மிதக்கும் சூடான ரம். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டரான அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ‘மாப்பிள்ளையோட ரசனையைப் பாருங்க’ என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அதே வேலையைத் தம்பி ஒரு பெரிய ஹோட்டலில் செய்து சம்பளம் வாங்கினான். அவன் மட்டும் சாராயம் ஊற்றுகிறவன். முதல் சம்பளத்தில் அவன் வாங்கிவந்த சட்டையை அப்பா பிரித்துக்கூடப் பார்க்காமல் வேலைக்காரம்மாவிடம் கொடுத்து ஜன்னல் துடைக்கச் சொன்னார். மாப்பிள்ளை செய்தால் ரசனை, மகன் செய்தால் மானக்கேடு. எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்த நியாயத்தைச் சொல்லிக்கொடுத்தார்களோ.

காலையில் வந்த நர்ஸ், “இனிமே பத்தியம் எதுக்குங்க, ஆசைப்பட்டதை ஸ்பூன்ல கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது, அப்பாவுக்கும்தான். கணவனுக்குப் போன் போட்டால், “மீட்டிங்ல இருக்கேன். வெறும் எலுமிச்சை ஜூஸைக் கொடு, அவருக்கு எங்க தெரியப்போகுது” என்றான். அவள் போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். லீவு போட்டு வந்த நாள் முதல் அவன் அப்பாவின் அறை வாசலோடு சரி. உள்ளே போனால் அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பி டம்ளரைப் பிரித்து வெண்ணுரையோடு ஒரு கண்ணாடிக் கிளாஸில் வடித்தான்.

“நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்தா போதும்க்கா. யார் போட்டதுன்னு சொல்லாத.”

“சொல்லலடா.”

அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டான். அவள் ஒரு ஸ்பூன் கொடுத்தாள். அப்பா கண்ணை மூடினார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவியது.

“இன்னும் கொஞ்சம்.”

மூன்றாவது ஸ்பூனுக்கு அவர் முகமே மாறிவிட்டது. ஒரு வாரமாகக் குழறிக்கொண்டிருந்த பேச்சு சுத்தமாக வந்தது. “மாப்பிள்ளை இன்னிக்கு அசத்திட்டாரும்மா. இந்த மாதிரி அவரே போட்டதில்ல. கைப்பக்குவம்னா இதான்.”

திரைக்குக் கீழே தம்பியின் கால்விரல்கள் அசைவதைப் பார்த்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நல்ல வார்த்தை போயும்போயும் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கா போகவேண்டும் என்று வயிறு எரிந்தது. நான்காவது ஸ்பூனை வாயில் விட்டுக்கொண்டே, “அப்பா, இது மாப்பிள்ளை போட்டதில்ல. தம்பி போட்டது” என்றாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். விழுங்கவில்லை. கடைவாயை லேசாகத் திறந்து அதை வழியவிட்டார். அது தாடையில் இறங்கித் தலையணை உறையை நனைத்தது.

“தண்ணி கொண்டா. வாய் கொப்பளிக்கணும்.”

“அப்பா, ஏம்ப்பா...”

“கொப்பளிக்கணும்ங்கறேன்ல.”

அவருக்குக் கொப்பளிக்கத் தெம்பில்லை. இருந்தும் விடவில்லை. திரும்பத் திரும்பத் தண்ணீர் வாங்கி, அவள் ஏந்திய கிண்ணத்தில் துப்பிக்கொண்டே இருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தபோது திரைக்குக் கீழே கால்கள் இல்லை. சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அப்பா யாரிடமும் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தார்.

“சொல்லாதன்னேன்ல” என்று மட்டும் தம்பி அவளிடம் கேட்டான். அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் எல்லாம் முடிந்து ஆண்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா தம்பியைக் கூப்பிட்டு, “டேய், உனக்குத்தான் இது கைவந்த வேலையாச்சே. எல்லாரும் அலுத்துப்போய் வந்திருக்காங்க, ஏதாவது போட்டுக் கொடேன்” என்றார். யாரோ சிரித்தார்கள். அவன் மறுபேச்சில்லாமல் எழுந்து போனான். திரும்பி வந்தபோது கையில் தட்டு, அதில் வரிசையாகக் கிளாஸ்கள், நடுவில் ஐஸ் கிண்ணம். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். முதுகு நேராக இருந்தது. தட்டைப் பிடித்தால் அவனுக்கு அப்படித்தான் நிற்க வரும்.

அப்பாவோடு வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர் தாமதமாக வந்து, அவள் கணவனின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரே பொண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மகன் இல்லாத குறையே தெரியாம பாத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை.”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். தட்டு அங்கே வந்து நின்றது. வாத்தியார் ஒரு கிளாஸை எடுத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பிரமாதம்ப்பா. எந்த ஹோட்டல்லேர்ந்து வந்திருக்க?”

அவள் வாயைத் திறந்தாள். தட்டுக்கு மேலாகத் தம்பி அவளைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற பெரிய ஹோட்டல்ங்க சார்” என்றான் தம்பி. “இன்னும் கொஞ்சம் ஐஸ் போடட்டுமா?”

வாத்தியார் கிளாஸை நீட்டினார். தம்பி இடுக்கியால் ஒரு கட்டியை எடுத்து உள்ளே விட்டான். பிறகு இன்னொன்று. ஒரு சொட்டுகூட வெளியே தெறிக்கவில்லை.