நானே பாத்துக்கறேன்

வெள்ளைச் சட்டையின் காலரில் சிவப்பாக ஒரு புள்ளியைப் பார்த்த பிறகுதான், ஊசி விரலில் ஏறியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. இடது கையின் சுட்டுவிரல். ஊசியை இழுத்தாள், அது வந்தது, பின்னாலேயே ரத்தமும் வந்தது, வலி மட்டும் வரவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் காலரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சீருடை. கறை முழுக்கப் போகவில்லை, வெளிறிப் பழுப்பாகி அங்கேயே நின்றது.

தையல் கடையின் எதிர் மேஜையிலிருந்து கடைக்காரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள்.

"மறுபடியுமா?"

"லேசாத்தான்க்கா" என்று சொல்லிவிட்டு விரலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளைக்கு அளவு எடுக்கறதை மட்டும் பாரேன். பட்டன் வேலையெல்லாம் வேற யாராவது பாக்கட்டும்." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அவர் எப்படி இருக்காரு? சாப்பிடறாரா? அன்னைக்கு ரோட்டுல பாத்தேன், பாதியாயிட்டாரே மனுஷன். பாவமா இருந்துச்சு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். விரல் வாயில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவளுடைய வீட்டுக்காரரைத் தெருவில் பலருக்குப் பெயர் சொல்லித் தெரியாது. 'நானே சார்' என்றால் தெரியும். ஹார்டுவேர் கடையில் வைத்த பெயர். குழாய் ஒழுகினாலும், கூரை ஒழுகினாலும், பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் அவர் வாயில் முதலில் வருவது, "நானே பாத்துக்கறேன்" என்பதுதான். காப்பீட்டு அலுவலகத்தில் நாளெல்லாம் மற்றவர்களுடைய விபத்துகளைப் படித்துவிட்டு வந்து, சட்டையை மாற்றுவதற்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவார். வீட்டில் கட்டில் அவர் செய்தது, அலமாரி அவர் செய்தது, குளியலறைத் தரைக்கு ஓடு ஒட்டியது அவர். அதில் ஒரு ஓடு மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும், எல்லோரும் அதைத் தாண்டிக் கால் வைக்கப் பழகியிருந்தார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது கம்ப்யூட்டரைக் கூடக் கடையில் வாங்கவில்லை. ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, "யாரும் தும்மாதீங்க, ப்ராசஸர் திறந்திருக்கு" என்று வீட்டையே மூச்சடக்க வைத்தார். அது புகையாமல் உயிர் பெற்று, திரையில் முதல் எழுத்து வந்தபோது மகளும் அவரும் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள். அதை இல்லையென்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பிளம்பருக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போகும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

பிறகு வானம் வந்தது. கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, அதில் தானே செய்த தொலைநோக்கியை நிறுத்தினார். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகர்ந்துவிடும். அதன் பின்னாலேயே குழாயைத் திருப்ப ஒரு மோட்டார், படம் பிடிக்கக் கேமரா, படங்களைச் சேர்க்க இன்னொரு கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சமையலறையிலிருந்து கொல்லைக்கு அவரே ஒரு லைன் இழுத்தார். பனி இறங்கும் நாட்களில் அந்த லைன் ஈரமாகும். ஈரமானால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் பட்டென்று விழுந்து வீடே இருண்டுவிடும், அவர் பிடித்துக்கொண்டிருந்த படமும் போய்விடும். மின்சாரம் எங்காவது கசிந்தால் ஆளைக் காப்பாற்றத்தான் அந்தச் சுவிட்ச். அவருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஒருநாள் சாயங்காலம் அதைச் சுற்றி ஒரு துண்டு வயரைப் போட்டு, அது விழ முடியாதபடி செய்தார்.

அவள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள்.

"தற்காலிகமாத்தான். நானே பாத்துக்கறேன்."

சனிக்கிரகம் வளையத்தோடு படத்தில் அழகாக விழுந்தது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அந்தத் துண்டு வயரை எடுக்க மறந்துபோனார்.

வாஷிங் மெஷினுக்குள் ஏதோ ஒரு வயரை எலி கடித்திருந்தது. எர்த் கம்பியும் என்றைக்கோ துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அவள் மெஷினில் கை வைத்தாள். விழ வேண்டிய சுவிட்ச் விழவில்லை. லீவுக்கு வந்திருந்த மகள் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவள், அம்மா நிற்கிற நிலையைப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கினாள். அதனால்தான் இப்போது சட்டைக்குப் பட்டன் தைக்க அவள் இருக்கிறாள். உள்ளங்கைப் புண் ஆறிவிட்டது. இரண்டு விரல்களில் உணர்ச்சி வரவில்லை. "நரம்பு மெதுவாத்தான் வரும். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நான்தான் பண்ணேன், நான்தான்" என்று சுவரில் தலையை மோதினார். நர்ஸ் ஓடிவந்து பிடித்தாள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், முன்பின் தெரியாத ஒருவர் முதுகைத் தடவிவிட்டார். கையில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்த அவள், திறந்த கதவு வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தாகமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அப்படியேதான். நாத்தனார் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனை ஒண்ணும் சொல்லிடாதீங்க. மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கற ஆளு. ஏதாவது பண்ணிக்கப் போறாரு" என்றாள். ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் மகளும், "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், "அப்பாவைப் பாத்துக்கோ" என்றாள். அவளும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்தை வைக்க அந்த வீட்டில் இடமே இல்லை. சமையலறையில் வைக்கலாமென்றால் அவர் வந்து தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்த்தார். படுக்கையில் வைக்கலாமென்றால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கிக்கொண்டிருந்தார். இவள்தான் முதுகில் கை வைத்து, "தூங்குங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் அந்தக் கையை.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து வீடு முழுக்கப் புது வயர் போட்டாயிற்று. அவன் வேலை முடிக்கும்வரை அவர் வாசலில் நின்றார், அந்நிய வீட்டுக்கு வந்தவர் மாதிரி. அவன் போன பிறகு அவர் வேறொரு வேலையைத் தொடங்கினார். தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றுவது. மகள் கட்டிலுக்கு மேலிருந்த அலமாரியை இறக்கிவிட்டு, "ஸ்க்ரூ சின்னது. என்னைக்காவது அவ தலையில விழுந்திருக்கும்" என்றார். அடுத்து இவர்கள் படுக்கும் கட்டில் போயிற்று. மெத்தை தரைக்கு வந்தது. மகளுடைய கம்ப்யூட்டரைப் பிரித்து அட்டைப் பெட்டியில் போட்டார். "அப்பா, அதுல என் ப்ராஜெக்ட் இருக்குப்பா!" என்று மகள் போனில் அலறினாள். சனிக்கிரகம் இருந்த இடத்தில் ஓர் ஆணி மட்டும் நின்றது. சமையலறைக் குழாய் சொட்டியது. வாளியை வைத்துவிட்டு, "யாரையாவது கூப்பிடலாம்" என்றார். வீடு நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டே வந்தது, குடிபோகிற வீடு மாதிரி. பார்க்க வருகிறவர்கள் அந்த வெறுமையைப் பார்த்து அவருக்காக உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

கடைக்காரம்மா சொன்னபடி பட்டன் வேலையை விட்டுவிட்டு அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பினாள். வெயில் தணிந்திருந்தது. வீட்டில் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கொட்டகையின் தகரங்கள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன, தொலைநோக்கியின் குழாய் புல்லில் வாய் பிளந்து கிடந்தது. அவர் துவைக்கிற கல்லின் முன்னால் குந்தியிருந்தார். கல்லின் மேல் ஒரு பழைய துண்டு. அதில் சுற்றியிருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். தொலைநோக்கியின் அடியில் இருந்து, தூரத்து வெளிச்சத்தைக் குவித்துப் படமாக்கும் குழிக்கண்ணாடி. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். கடையில் வாங்கியதில்லை, கனமான கண்ணாடி வட்டத்தை மாதக்கணக்கில் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவரே குழித்தது. சமையலறை மேடையில் கர்ர் கர்ர் என்று அது தேய்ந்த சத்தத்தில்தான் அந்த வருஷம் முழுக்க அவள் சமைத்தாள். அவர் ஜுரத்தில் கிடந்த நாட்களில், 'விட்டால் வேலை கெட்டுப்போகும்' என்று அவர் புலம்பியதைக் கேட்கமாட்டாமல் அவளே நின்று தேய்த்ததும் உண்டு.

அவர் கையில் சுத்தியல் இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"உடைச்சுடறேன். இதனாலதானே எல்லாம்."

"வைங்க கீழ."

"இல்ல, இதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு..."

"கீழ வைங்கன்னு சொல்றேன்ல!"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. கேட்கட்டும் என்று தோன்றியது.

"உடைச்சுட்டு? நாளைக்கு எல்லாரும் வருவாங்க. ஆசை ஆசையாத் தேய்ச்சதையே உடைச்சுட்டாரே, பாவம்னு உங்களுக்கு நாற்காலி போடுவாங்க, தண்ணி கொடுப்பாங்க. நான் மறுபடியும் அந்தப் பக்கமா உக்காந்து வேடிக்கை பாக்கணும், அதானே? எனக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணுங்க. நீங்க அழுதுக்கிட்டே இருந்தா நான் யாரைத் திட்டறது? சுவரையா?"

அவர் சுத்தியலைப் புல்லில் வைத்தார். "திட்டு."

"சொன்ன உடனே திட்டறதுக்கு நான் என்ன ரேடியோவா?"

அவளுக்கே சிரிப்பு வரும் போலிருந்தது. வந்தது சிரிப்பில்லை. கொல்லைப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவர் பக்கத்தில் வரவில்லை. வந்து தொட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். துண்டை விலக்கி, கண்ணாடியைக் கல்லின் மேல் வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்து, அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு... எப்படி இருந்துச்சு உனக்கு?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. டாக்டர் கேட்டது கையைப் பற்றி, மற்றவர்கள் கேட்டது அவரைப் பற்றி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல முடியும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் வார்த்தைகள் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தவை போல வந்தன.

"கத்தணும்னு பாத்தேன், வாய் திறக்கல. கையை எடு, கையை எடுன்னு நானே சொல்றேன், என் கை என் பேச்சைக் கேக்கல. மெஷினுக்குள்ள உங்க நீலச் சட்டை சுத்திக்கிட்டு இருந்துச்சு. சட்டை மேல வருது, கீழ போவுது. அதையே பாத்துக்கிட்டு இருக்கேன். செத்துருவேன்னு தெரிஞ்சுபோச்சு." நிறுத்தினாள். "முதல்ல வந்தது உங்க நினைப்புதான். பொண்ணு நினைப்பு கூட அப்புறந்தான். நான் கேட்டேனே, கேட்டேனேன்னுதான் நினைச்சேன். டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணும் ஆயிடாதேன்னு கேட்டேன்ல?"

"கேட்டே."

"நீங்க என் மூஞ்சியைக் கூடப் பாக்கல."

"பாக்கல."

அவர் அழவில்லை. அழுகை தொண்டை வரை வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அதை அவர் அங்கேயே பிடித்து வைத்திருந்தார், கனமான ஒன்றை ஆணி அடித்து முடியும்வரை தாங்கிப் பிடிக்கிற மாதிரி. அந்த விபத்துக்குப் பிறகு அவர் அவளுக்காகச் செய்த முதல் வேலை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இது என்கிட்டேருந்து போகுமான்னு தெரியல."

"ம்."

"கொட்டித் தீர்த்துட்டா, இனிமே சரியாயிடுவான்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

சமையலறைக்குள் குழாய் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. யாராவது உள்ளே போய் விளக்கைப் போட வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாக வெளிச்சம் வந்தது, இவர்கள் வீடு மட்டும் இருட்டாக நின்றது.

பின்வீட்டு மாடியில் ஜன்னல் ஒன்றில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் அவருடைய தலைக்கு மேலாகப் போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அவருடைய வெள்ளைப் பனியனின் நடுநெஞ்சில், உள்ளங்கை அளவுக்கு, ஒரு மஞ்சள் ஜன்னல் வந்து விழுந்தது. தலைகீழாக. கம்பிகள் கூடத் துல்லியமாகத் தெரிந்தன. அவருக்கு அது தெரியாது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடும்போது ஜன்னல் மெல்ல ஏறி இறங்கியது. அதற்குள் யாரோ ஒரு பெண் தலைகீழாக வந்தாள், எதையோ தேடினாள், குனிந்தாள், இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

படியிலிருந்து அவள் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.