சேனை வைத்தவள்

"பிள்ளை வாயில முதல்ல வச்சது யாரு?"

மாரிராஜ் இதைச் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டான். தங்கபுஷ்பத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்துகிறவர்களை அவள் இந்தப் பிரசவ வார்டில் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசுகிறவனை எப்படிச் சமாளிப்பது என்று நர்சிங் படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

"நான்தான் அண்ணே. பிள்ளைக்குச் சுகர் குறைஞ்சு கை காலெல்லாம் நடுங்க ஆரம்பிச்சிட்டு. உடனே பால் குடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அக்காட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன்."

அக்கா என்று அவள் சொன்னது கட்டிலில் கிடந்த அவன் மனைவி முத்துசெல்வியை. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து அரை நாள்கூட ஆகாத உடம்பு. இரண்டு முறை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை, ஆண் பிள்ளை. தாயின் பக்கத்தில் துணிச்சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. முத்துசெல்வி வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

ஜன்னலோர நாற்காலியில் மாரிராஜின் அப்பா செல்லப்பா உட்கார்ந்திருந்தார். அச்சன்புதூரில் அரிசி மில்லும் தோப்பும் உள்ள மனிதர். குளித்து, திருநீறு பூசி, புது வேட்டி கட்டி வந்திருந்தார். மடியில் ஒரு வெள்ளிச் சங்கு. அதில் தேனும் கருப்பட்டியும் கரைத்த தண்ணீர். பேரனுக்குச் சேனை வைக்க ராகுகாலம் கழியட்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டு, ஆற அமர வந்து சேர்ந்திருந்தார்.

"நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார். குரலில் ஒரு பிரியம்கூட இருந்தது.

"கீழப்பாவூர்ப் பக்கம் அண்ணாச்சி."

"அங்கன எந்தத் தெரு?"

ஊரைக் கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள. தெருவைக் கேட்பது எதற்கு என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தங்கபுஷ்பம் இந்தக் கேள்விக்குப் பக்கத்துத் தெருப் பெயரைச் சொல்லித் தப்பியிருக்கிறாள். இப்போது வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு அப்படிச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"காலனி," என்றாள்.

செல்லப்பாவின் மனைவி உலகம்மாள், பேரனின் வாயில் யாரோ சூடு வைத்துவிட்ட மாதிரி அவனைப் பார்த்தாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது இங்கே உள்ள நம்பிக்கை. குடும்பத்திலேயே பெரிய மனிதர் யார், கெட்டிக்காரர் யார் என்று தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். அதற்காகப் பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடவும் தயங்க மாட்டார்கள். செல்லப்பாவின் குணம் பேரனுக்கு வர வேண்டும் என்று அந்த வீடே காத்திருந்தது. இடையில் காலனிக்காரி ஒருத்தி பால் புகட்டும் பாலாடையோடு புகுந்துவிட்டாள்.

விடிய விடிய முத்துசெல்வியின் இடுப்பைத் தேய்த்துவிட்டது அவள்தான். ரத்தத்தைத் துடைத்தது அவள்தான். மூத்திரத் துணியை மாற்றியதும் அவள்தான். அப்போதெல்லாம், "சிஸ்டர், சிஸ்டர்," என்று உலகம்மாள் பின்னாலேயே வந்தாள். அழுக்கை எடுக்கும் கைக்கு யாரும் தெரு கேட்கவில்லை.

முதல் அடி காதில் விழுந்தது. மாரிராஜின் கையில் கல் வைத்த மோதிரம் இருந்தது. அது காது மடலைக் கிழித்தது. தங்கபுஷ்பம் தடுமாறிக் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடித்தாள். கம்பியோடு சேர்ந்து சரிந்தாள். அவன் அந்தக் கம்பியைப் பிடுங்கினான். முதலில் மருந்து அலமாரியின் கண்ணாடியில் ஒன்று போட்டான். பிறகு அவள்மேல் இறக்கினான். தலைக்கு வந்ததை வலது கையால் தடுத்தாள். முன்கை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"எங்க பரம்பரைக்கே கேடு வச்சிட்டியேட்டி. உன் குணம் எம்பிள்ளைக்கு வரணுமாட்டி?"

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குத்து. அவள் கண்ணாடித் துண்டுகளின்மேல் சுருண்டு கிடந்தாள். கத்தினாள். அந்தக் கத்தலுக்குப் பிள்ளை விழித்துக்கொண்டு அதுவும் கத்தியது. செல்லப்பா சங்கை ஜாக்கிரதையாக மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் கையை ஓங்கவில்லை. செருப்புக் காலால் அவள் விலாவில் ஓங்கி மிதித்தார். மூச்சு நின்று வரும்வரை காத்திருந்து இன்னொரு மிதி மிதித்தார். கையால் தொட்டால்தான் தீட்டு, காலுக்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

வெளியே ஆட்கள் கதவை இடித்த பிறகு உலகம்மாள்தான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். "வழுக்கி விழுந்துட்டா," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

தென்காசி தனி மாவட்டமான பிறகு குற்றாலம் ரோட்டில் வரிசையாக ஆஸ்பத்திரிகள் முளைத்தன. அவற்றில் ஒன்று டாக்டர் கிங்ஸ்லியுடையது. முன்பெல்லாம் கொஞ்சம் சிக்கலான பிரசவம் என்றாலும் பாளையங்கோட்டைக்குக் கொண்டு ஓட வேண்டும். வழியிலேயே பல பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்த நிலைமையை மாற்ற வேண்டும் என்று கிங்ஸ்லி உண்மையாகவே உழைத்தவர். பக்கத்திலேயே புதிதாகத் தாய்சேய் நலக் கட்டடம் ஒன்று எழும்பி நின்றது. அடுத்த வாரம் திறப்பு விழா. கட்டடம் நின்ற மனை செல்லப்பா கொடுத்தது. வாசல் சலவைக்கல்லில் அவர் பெயரும் இருந்தது. அந்தக் கட்டடத்தின் பிரசவ அறைக்குப் பொறுப்பு தங்கபுஷ்பம்தான் என்று கிங்ஸ்லி போன மாதமே சொல்லியிருந்தார். அன்று அவள் காலனிக்குப் போய்ச் சொன்னபோது அவளுடைய அம்மா அழுதே விட்டாள்.

இப்போது கிங்ஸ்லி அவசரச் சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். முறிந்த கைக்குக் கட்டுப் போட்டதும் அவர்தான். கட்டுப் போடும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் தங்கபுஷ்பத்துக்குக் காரியம் எளிதாக முடிந்திருக்கும்.

"போலீசுக்கு நீ போன் பண்ணினியாம்மா?"

"ஆமா சார்."

"வந்துக்கிட்டிருக்காங்க. வன்கொடுமை கேஸ்னு ஆயிட்டா, திறப்பு விழா அம்புட்டுதான். கட்டடத்தையே இழுத்து மூடிருவாங்க. எத்தனை தாய்மாருக்கு ஆக வேண்டியது, யோசிச்சுப் பாரு. செல்லப்பா வீட்டுல ஒண்ணுதான் கேக்காங்க. பால் குடுத்தது நீ இல்ல, ஜெஸின்னு அவங்க முன்னால வந்து சொல்லணும். போலீஸ்ட்ட வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு. கொஞ்ச நாளைக்கு டோக்கன் குடுக்கிற இடத்துல இரு. அப்புறமா பழையபடி பிரசவ அறைக்கு வந்திரலாம்."

ஜெஸி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். தங்கபுஷ்பத்தோடு ஒரே விடுதியில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டு நர்சிங் படித்தவள். அவளுடைய தெரு அவர்களுக்குச் சரிப்படுகிற தெரு. "நான் குடுத்தேன்னு சொல்லுதேன் புஷ்பம். எனக்கு ஒண்ணுமில்ல. உன்னக் கொன்னு போட்டிருவாங்க," என்றாள். அவள் அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தங்கபுஷ்பம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கி, வெள்ளை உடுப்பில் காய்ந்திருந்தது.

"அவங்க அடிச்சது பொய்யின்னு சொல்லச் சொன்னாக்கூடச் சொல்லிருவேன் சார். அடி வாங்கினவங்க எங்க தெருவுல நிறையப் பேரு இருக்காங்க. நான் பால் குடுத்தது பொய்யின்னு எப்படிச் சார் சொல்லுவேன்?"

"ஒரு சொல்லுதானம்மா."

அவள் எழுந்து முத்துசெல்வியின் அறைப் பக்கம் நடந்தாள். சம்மதித்துவிட்டாள் என்று கிங்ஸ்லி நினைத்துக்கொண்டார். அறைக்குப் போகும் வழியெல்லாம் அவளும் அப்படித்தான் நினைத்தாள். அம்மாவின் முகம் வந்தது. நர்சிங்குக்கு மனுப்போட்டிருக்கும் காலனிப் பெண்கள் வந்தார்கள். ஒரு பொய் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பிறக்கிற பிள்ளையை முதலில் கையில் வாங்குகிற வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அதைவிட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு ஆசையும் இருக்கவில்லை.

அறையில் கண்ணாடியைப் பெருக்கியிருந்தார்கள். செல்லப்பா அதே நாற்காலியில் அதே சங்கோடு இருந்தார்.

"வாம்மா. நடந்தது நடந்து போச்சு. கோவத்துல பய கைய நீட்டிட்டான். குடுத்தது நீ இல்லைன்னு உன் வாயால சொல்லிரு. நாங்க மனசு நிம்மதியாச் சேனைய வச்சிட்டுப் போயிருதோம்."

தங்கபுஷ்பம் பிள்ளையைப் பார்த்தாள். நடுக்கம் நின்று, உதடு சிவந்து, எதையோ சப்புவதுபோல வாயை அசைத்துக்கொண்டிருந்தது. காலையில் பாலாடையை உதட்டில் வைத்ததும் அது எவ்வளவு ஆத்திரத்தோடு குடித்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நான்தான் குடுத்தேன் அண்ணாச்சி. நல்லாக் குடிச்சான்," என்றாள்.

மாரிராஜ் பாய்ந்து வந்து அவள் தலைமுடியைப் பிடித்தான். கிங்ஸ்லி நடுவே புகுந்தார். ஒரே தள்ளில் சுவரில் போய் மோதினார். முறிந்த கையை அவன் கட்டோடு சேர்த்து முறுக்கியபோது தங்கபுஷ்பத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அவங்கள விடுங்க," என்றது ஒரு குரல்.

யார் பேசினது என்று முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. முத்துசெல்வி ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அது என் பாலு. நான் பீச்சிக் குடுத்த பாலைத்தான் அவங்க குடுத்தாங்க. அதுல எந்தத் தெரு இருக்கு?"

"நீ வாய மூடு," என்றார் செல்லப்பா.

"பிள்ளை நடுங்குது, பால் குடுக்கட்டுமான்னு அத்தைட்ட கெஞ்சினேன். மாமா வரட்டும்னாங்க. உங்களுக்குச் சேனைதான் பெருசு. எம்பிள்ள செத்துப்போயிருந்தா யாரு வாயில சேனை வைப்பிய?"

மாரிராஜ் திரும்பி அவளைக் கன்னத்தில் அறைந்தான். தலை கட்டில் கம்பியில் இடித்தது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கும்போது தங்கபுஷ்பம் ஒற்றைக் கையோடு கட்டில்மேல் விழுந்து தாயையும் பிள்ளையையும் மூடிக்கொண்டாள். அடி முதுகில் விழுந்தது. பிறகும் விழுந்தது. முத்துசெல்வியின் வயிற்றுத் துணியில் சிவப்பு பரவுவதை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளாமல் இடது உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தாள்.

கதவு திறந்தது. ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா ஆசியா ஒரு காவலரோடு உள்ளே வந்தாள். காக்கியைக் கண்டதும் மாரிராஜ் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். செல்லப்பா நாற்காலியில் சாய்ந்து, "வாங்கம்மா," என்றார், வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல. ஜெஸி ஓடிவந்து முத்துசெல்வியின் தையலைப் பார்த்தாள். ஒரு ஓரம் விட்டிருந்தது. பஞ்சை வைத்துக் கட்டினாள்.

"யாரு அடிச்சது?" என்று கேட்டாள் ஆசியா.

"அடியெல்லாம் ஒண்ணுமில்ல. வழுக்கி விழுந்துட்டா," என்றாள் உலகம்மாள்.

தங்கபுஷ்பம் நடந்ததைச் சொன்னாள். ஆசியா கேட்டுக்கொண்டு கிங்ஸ்லியைப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா டாக்டர்?"

கிங்ஸ்லியின் நெற்றி சுவரில் மோதிப் புடைத்திருந்தது. ஜன்னல் வழியே புதுக் கட்டடம் தெரிந்தது. "முதல்ல நடந்தப்ப நான் இங்க இல்ல. இப்பச் சும்மா ஒரு தள்ளுமுள்ளு," என்றார். ஜெஸி தலையைக் குனிந்துகொண்டு பஞ்சைச் சுருட்டினாள்.

"கதவு உள்ள பூட்டியிருந்துச்சின்னு சொல்லுதா. அப்ப உள்ள இருந்தவங்கதான் சொல்லணும். பாத்த ஆளு இல்லாம நான் என்னத்த எழுதுறது?" என்றாள் ஆசியா.

"நான் இருந்தேன்," என்றாள் முத்துசெல்வி. "நான் பாத்தேன். இந்தச் சிஸ்டர அடிச்சதையும் பாத்தேன். இப்ப என்னைய அடிச்சதையும் எழுதிக்கிடுங்க."

"யாரு அடிச்சது? பேரச் சொல்லு."

கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்த வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். தாலி ஏறிய நாளிலிருந்து முத்துசெல்வி அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, புருஷன் பேர் என்ன என்று கேட்டதற்குக்கூட மாமியார் முகத்தைத்தான் பார்த்தாள். பழக்கத்தில் இப்போதும் பார்த்தாள். உலகம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் கோபம் போய்க் கெஞ்சல் வந்திருந்தது.

முத்துசெல்வி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மாரிராஜ்," என்றாள். அறை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரமும் சொன்னாள். "மாரிராஜ்."

ஆசியா எழுதிக்கொண்டே, "இனிஷியல்?" என்றாள்.

"செ. செல்லப்பா. அந்தப் பேரத் தனியாவும் எழுதிக்கிடுங்க ஏட்டம்மா. செருப்புக் காலால மிதிச்சது அவருதான்."