கொறங்காட்டுக் கல்குருவி

செவ்வந்திக்கு வெங்கடபதியைக் கண்டால் ஆகாது. அவருக்கும் அவளைக் கண்டால் அப்படித்தான். இருந்தும் 1995 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இருவரும் அவருடைய மாருதி வேனில் கோவையிலிருந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் கிளம்பினார்கள். கூட அக்பர் அலியும் வந்தார். மூவரும் ஒரே பறவைச் சங்கம்.

எல்லாம் ஒரு கல்குருவியால் வந்தது. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த செவ்வந்தி, போன கோடையில் கிளுவை வேலி போட்ட ஒரு கொறங்காட்டில், ஆடுகள் மேய்கிற கல்லாங்காட்டு நிலத்தில், அதைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அது லேசில் கண்ணில் படாத பறவை. சங்கத்தின் செயலாளரும் மில் குடும்பத்துக்காரருமான வெங்கடபதி, "ஆட்காட்டியாக இருக்கலாம்" என்று ஓரத்தில் கிறுக்கி, பதிவேட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டார். வயலெல்லாம் கத்தித் திரிகிற ஆட்காட்டிக் குருவியைக்கூட அடையாளம் தெரியாதவள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. இந்த வருஷம் மறுபடி கண்டதும், "உங்க கண்ணாலயே வந்து பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"இந்த வெயில்ல அலைய உட்டுப்போட்டீங்க அம்மணி" என்றார் வெங்கடபதி, வண்டி ஓட்டிக்கொண்டே. "போயி, இல்லைனா?"

"இருக்குதுங்க."

"இருக்கும், இருக்கும். உங்க ஆளுங்களுக்குக் காட்டுப் பழக்கம் ஜாஸ்திங்க. ஆனா பேரு சொல்லோணும்னா நாலு புஸ்தகம் படிக்கோணுமில்லீங்களா?"

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அவள் அப்பா தோட்டங்களில் கூலி வேலை செய்தவர் என்பது அவருக்குத் தெரியும். அக்பர் அலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குக் கல்குருவி தென்பட்டது. செம்பழுப்பு மார்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு, அதற்கு மேல் வெள்ளைப் புருவம். வெளுத்த கால்களால் குடுகுடுவென ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். செவ்வந்தி கையை நீட்டினாள். வெங்கடபதி பைனாகுலரில் நெடுநேரம் பார்த்தார்.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அது எழுந்து வந்த இடத்தை அவரே தேடிப் பிடித்தார். வெறும் தரையில், கற்களோடு கல்லாக, கறும்புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். உடனே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். பறவை கிட்டே வர அஞ்சி, எட்டத்திலேயே அங்கும் இங்கும் ஓடியது.

பத்து மணி ஆயிற்று. கல்லில் கை வைக்க முடியவில்லை. தாய் வந்து நிழல் கொடுக்காவிட்டால் முட்டைக்குள்ளேயே குஞ்சு வெந்து போகும்.

"ஏனுங்க சார், போதுமுங்க. நாம நகர்ந்தாத்தான் அது வரும்."

"ரெண்டே போட்டோங்க. உங்க பேருக்குந்தான் இது சாட்சி. நெனப்பு இருக்கட்டும்."

அது உண்மை. இந்தப் படம் வெளியானால் இனி யாரும் அவளைச் சந்தேகப்பட முடியாது. அந்த ஆசையில் அவள் இன்னும் இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பறவை அலகைத் திறந்து மூச்சு வாங்கியது.

முட்டையை மறைக்கிறது என்று ஒரு காய்ந்த செடியைப் பிடுங்க வெங்கடபதி முன்னால் போய்க் குனிந்தார். செவ்வந்தி கேமராவை நெருங்கினாள். பின்மூடியை நெம்பித் திறந்து, ஃபிலிமை முழ நீளத்துக்கு வெயிலில் இழுத்துப் போட்டாள்.

சத்தம் கேட்டுத் திரும்பியவர் முகம் கறுத்துவிட்டது. முதல் முறையாக அவர் பேச்சில் 'ங்க' இல்லை.

"பைத்தியமா உனக்கு? உன்னையெல்லாம் சங்கத்துல சேத்துனது என் தப்பு! இனி அந்தப் பக்கம் கால வெச்சுப் பாரு!"

"வெக்கலைங்க. மொதல்ல இங்கிருந்து நகருங்க."

ஓங்கிய கையை அக்பர் அலி பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வேலியடியில் அக்பர் அலி மட்டும் தயங்கி நின்று, "வாரீங்களா அம்மணி?" என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அவளும் வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்துப் பறவை வந்தது. முட்டைகளின் மேல் கால்களை அகட்டி, இறகைச் சற்று விரித்து நின்றுகொண்டது. அதன் பிறகுதான் அவள் பஸ்ஸுக்கு மூன்று மைல் நடந்தாள்.

அடுத்த மாதம் சங்கத்திலிருந்து அவளை நீக்கிக் கடிதம் வந்தது. அக்பர் அலியும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறிக் கொறங்காட்டுக்குப் போனாள். முட்டைகள் இல்லை, உடைந்த ஓடுகளும் இல்லை. கல்குருவிக் குஞ்சு பொரிந்தவுடனே தாயோடு ஓடிவிடும். நாய் தின்றிருந்தாலும் இடம் இப்படித்தான் கிடக்கும். மதியம் வரை தேடியும் ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை.

ஃபிலிமைக் கெடுத்ததற்கு அவள் ஒருநாளும் வருந்தவில்லை. வெங்கடபதியை மன்னிக்கவும் இல்லை. ஆனால் அந்த ஆளுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பில் வழி சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவள் தான்தானே என்பதும், அந்த இருபது நிமிஷமும், வெங்கடபதி மேல் இருந்த கோபத்தைவிடப் பெரிய கோபமாக அவளுக்குள் தங்கிவிட்டன.