யாரும் தொடாத முட்டி

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் குமிழ் மேடம். வைத்தவர்கள் வேலைக்குப் போய், பதவி உயர்ந்து, தலையும் நரைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது.

அவர் கணினி விஞ்ஞானி. பூஜ்யமும் ஒன்றுமாக எண்ணும் கணினிகளின் பின்னால் உலகமே ஓடியபோதும் அவர் அனலாக் கணினியை விட்டு நகரவில்லை. அது எண்ணுவதில்லை. ஊஞ்சல் எப்படி ஆடும் என்று கேட்டால், ஒரு மின்னழுத்தத்தை ஊஞ்சலைப் போலவே ஆடவிட்டுக் காட்டும். கேள்வி முடிவதற்குள் விடை வந்துகொண்டிருக்கும்.

ஒரு குறை உண்டு. சுற்றுப்புறம் சூடானால் விடை கொஞ்சம் நகர்ந்துவிடும். அதைச் சரிக்கட்டத்தான் குமிழ்கள். மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கும்வரை அவற்றைத் திருகுவார். பேசிக்கொண்டே திருகுவார், டீ குடித்துக்கொண்டே திருகுவார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வது போல அது ஒரு கைப்பழக்கம்.

அவருடைய தம்பி மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்தார். உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் அக்காவின் ரேடியோ கடையில் வியாபாரம் எப்படி என்று விசாரிப்பார். உன் கடையின் கரண்ட் பில்லை விடக் குறைவுதான் என்பார் அக்கா. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஆய்விதழ்களுக்கு அக்கா அனுப்பிய கட்டுரைகள் பலவும் வரலாற்று மாணவர்களுக்குப் பயன்படும் என்ற குறிப்போடு திரும்பி வந்தன. அதற்கு அவர் சிரித்ததில்லை.

ஓய்வு பெறும் வயது நெருங்கியபோது கையில் மிச்சமிருந்தது ஒரே வேலை: செயற்கைக் கால் முட்டி. முட்டிக்குள் விரல்நக அளவில் ஓர் அனலாக் சிப். கால் வீசும் வேகத்தை அது உணர்ந்து, முட்டியை அந்தக் கணமே இளக்கவோ இறுக்கவோ செய்யும். பட்டன் பேட்டரி போதும். விபத்தில் தொடைக்குக் கீழே காலை இழந்த பஸ் டிரைவர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு ஆய்வகத்தில் அட்டகாசமாக நடந்தார். சோதனை அலுவலகம் ஒப்புதல் தந்தால் முட்டி தொழிற்சாலைக்குப் போகும். தராவிட்டால் ஆய்வகத்தை மூடி, அந்த அறையில் சர்வர்களை அடுக்கப்போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

யாரும் தொடாதபடி முட்டிக்குச் சீல் வைத்து நடத்திய முதல் சோதனையில் மதியத்துக்குள் எல்லாம் கெட்டது. ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்த டிரைவருக்குப் படியிறங்கும்போது முட்டி இளகாமல் விறைத்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தார். இன்னும் ஒரு வாய்ப்புதான் என்றார் சோதனை அதிகாரி.

டிரைவரை ஆய்வகத்தில் மறுபடி நடக்கவைத்துப் பார்த்தால் ஒரு பிசகும் இல்லை. எங்கே தப்பு என்று குமிழ் மேடத்துக்குப் பிடிபடவில்லை. அக்காவின் குரல் போனில் சரியில்லை என்று தம்பி நேரில் வந்தார். மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மதியம்வரை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் சிப்பு நல்லாத்தான் வேலை செய்யுது அக்கா," என்றார் கடைசியில். "பாதி வேலைய நீ செய்யற, அதான்."

"நான் என்னடா செஞ்சேன்? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

"எங்க சும்மா இருந்தே? டிரைவர் ஒவ்வொரு தடவ உக்காரும்போதும் உன் பக்கமா காலை நீட்டறாரு. நீ பாட்டுக்குத் திருகிக்கிட்டே பேசற. டெஸ்ட்டுல உன்னையும் சேர்த்தா சீல் வைப்பாங்க?"

குமிழ் மேடம் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் முட்டியின் பக்கவாட்டிலிருந்த சின்னக் குமிழின் மேல் இருந்தது. டிரைவர் அசடு வழியச் சிரித்தார். தானாகக் கால் நீண்டுவிடுகிறது, கவனிக்கவே இல்லை என்றார்.

மாற்று வழி குமிழ் மேடத்துக்குத் தெரியாததல்ல. வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறார். சிப்பில் ஒரே மாதிரி இரண்டு சுற்றுகளை வைப்பது. ஒன்று வேலை செய்யும், மற்றது சும்மா இருக்கும். சும்மா இருப்பது நகர்ந்தால் அந்த நகர்வு முழுக்க வெப்பத்தின் வேலை. அதை முதல் சுற்றின் விடையிலிருந்து கழித்துவிட்டால் பிழை போய்விடும். கை இருக்கும்போது இன்னொரு சுற்று எதற்கு, இடம் வீண் என்று இத்தனை வருடங்களாக அதைத் தள்ளி வைத்திருந்தார். இப்போது இரண்டையும் பின்னல் போலக் கோத்து, சூடு சரிசமமாகப் பாயும்படி வரைந்தார். புதிய முட்டியில் குமிழே கிடையாது.

இரண்டாம் சோதனையன்று அதிகாரி முட்டிக்குச் சீல் வைத்தார். குமிழ் மேடம் நாற்காலியில் அமர்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். லீவு போட்டுவிட்டு வந்திருந்த தம்பி பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் ஏசி அறையில் நடந்தார், மொட்டைமாடி வெயிலில் நடந்தார். உச்சிவெயில் உடம்பில் ஏறியதும் அதே படிக்கட்டுக்கு வந்தார். முன்பு தடுமாறிய படியில் அவருடைய கை கைப்பிடியை நோக்கிப் போனது. போனது, பிடிக்கவில்லை. முட்டி இளகி, இறுகி, அடுத்த படிக்கு அவரை இறக்கிவிட்டது. அதற்கடுத்த படிக்கும். கீழே போய்த் திரும்பி, ஏறிவந்து, கேட்காமலேயே இன்னொரு தடவை இறங்கினார்.

அதிகாரியின் திரையில் பிழையைக் காட்டும் கோடு அலுங்காமல் ஓடியது. அவர் தம்முடைய கருவியைச் சந்தேகப்பட்டுத் தட்டிப் பார்த்தார். வயரைப் பிடுங்கி மாட்டினார். கோடு அப்படியே இருந்தது. சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது, ஒப்பீட்டுக்கு வைத்திருந்த டிஜிட்டல் முட்டியைவிட இது முந்திக்கொண்டு இறுகியதும் தெரிந்தது. ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சோதித்த முட்டியைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

"கழட்டவா?" என்றார் டிரைவர். "இது என் கால் சார்."

"விதி அப்படிங்க. பாஸான மாடல்ல ஒண்ணு எங்ககிட்ட இருக்கணும்."

"ஒண்ணுதானே?" என்றார் குமிழ் மேடம். "இதே மாதிரி இன்னொண்ணு நாளைக்கே கொண்டுவந்து தர்றேன். இனிமே தொழிற்சாலைல எத்தனையோ வரப்போகுது. அதுல எதை வேணும்னாலும் எடுத்து வச்சுக்கோங்க சார்."

அதிகாரி விதியை மறுபடி படித்தார். எந்த ஒன்று என்று அதில் இல்லை. ஒப்புக்கொள்வதற்காக அவர் நிமிர்ந்தபோது டிரைவர் அறையில் இல்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் சீராக இறங்கிக்கொண்டிருந்தது.