லிஃப்ட்காரரின் பிரசங்க லைசென்ஸ்

போதகர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. புதுப் போதகர் வந்தபாடில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட்காரர்தான் பிரசங்கம் வாசித்தார். வாசித்தார் என்றால் வாசித்தார், அவ்வளவுதான். பிரஸ்பிட்டீரியன் சபையில், அவரைப் போலச் சபையை நடத்தும் மூப்பராகவே இருந்தாலும், பிரசங்கம் பண்ண லைசென்ஸ் வேண்டும். பன்னிரண்டு சபைகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மூப்பர் சங்கம் பரீட்சை வைத்துத்தான் அதைக் கொடுக்கும். லைசென்ஸ் இல்லாதவர், சங்கம் அச்சடித்து அனுப்புகிற பிரசங்கத்தை, பீடத்தில் ஏறாமல், கீழே ஒரு மேசைக்குப் பின்னால் நின்று வாசிக்கலாம். சொந்தச் சரக்கு ஒரு வரி சேர்க்கக் கூடாது.

ஒரு ஞாயிறு ஐந்தாம் பக்கத்துக்கு அடுத்து ஏழாம் பக்கம் இருந்தது. ஆறாம் பக்கத்தை அச்சுக்காரன் விட்டுவிட்டான். வேறு யாராவது என்றால் ஏழுக்குத் தாவியிருப்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கவும் செய்யாது. ஆனால் இவர் முப்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்டிலிருந்து ஆளைக் குதிக்கச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் மணியை அழுத்துவார்கள், அப்புறம் என்னைத் திட்டுவார்கள், அப்புறம் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்றார். மேலே ஒருத்தன் கயிற்றைப் பிடித்து வேலை செய்துகொண்டிருப்பது உள்ளே இருப்பவனுக்குக் கேட்காது என்றார். ஜெபத்தைப் பற்றித்தான் சொன்னார். பத்து நிமிஷம் பேசினார். மருந்துக்கடைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏழாம் பக்கத்தை எடுத்தார்.

அடுத்த ஞாயிறே டைலர் மூப்பர் ஒரு படிவத்தோடு வந்து நின்றார். சபையின் எழுத்து வேலை எல்லாம் அவர் கையில்.

"யாரோ சங்கத்துல போட்டுக்குடுத்துட்டாங்க, பிரதர். ஒண்ணு லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்க. இல்லைன்னா மேசை பக்கமே வரக் கூடாதாம்."

"யாரு போட்டுக்குடுத்தது?"

"அதைச் சொல்ற லைசென்ஸ் என்கிட்ட இல்லை."

படிவத்தில் ஒன்பது கேள்வி. எட்டுக்கு அன்றைக்கே பதில் எழுதிவிட்டார். ஏழாவதில் பேனா நின்றது. சபையின் விசுவாச அறிக்கையில் நீர் ஏற்காத பகுதி உண்டா, உண்டெனில் எழுதுக என்று இருந்தது.

அவருடைய ஒரே பையன் நாலு வருஷத்துக்கு முன்னால் இருபத்தாறு வயதில் செத்துப்போனான். கிட்னி. ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்க வந்த போதகரை, "அவரை வெளிய போகச் சொல்லுப்பா, யாருமில்லாத ஊருக்குக் கடுதாசி எழுதுற பழக்கம் எனக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பினான். கடைசிவரை அந்தப் பேச்சை மாற்றவில்லை. அப்படி மறுத்துச் சாகிறவனுக்கு மீட்பு இல்லை, நரகம்தான் என்று விசுவாச அறிக்கையில் அச்சடித்தே இருக்கிறது.

"ஏழாவதுல என்ன எழுதப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பார்க்கலாம்."

"பார்க்க என்ன இருக்கு? அந்தப் பகுதி தப்புன்னு எழுதுங்க. நம்ம புள்ளை அந்த இடத்துல இல்லைங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். நாலு வருஷமாகவே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பீடத்தில் ஏற அவருக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். வாழ்நாளில் அந்தப் பத்து நிமிஷம் மாதிரி அவருக்கு வேறொன்று வாய்க்கவில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதினால் லைசென்ஸ் வந்துவிடும். அப்புறம் என்றைக்காவது அந்தப் பகுதியையும் பிரசங்கிக்க வேண்டும், மூன்றாவது பெஞ்சில் அவள் உட்கார்ந்து கேட்க வேண்டும். 'உண்டு' என்று எழுதினால் அவள் மனம் குளிரும். ஆனால் எழுத முடியவில்லை. ஏனென்றால் அவர் அந்தப் பகுதியை நம்பினார். ராத்திரி பகலாக முட்டிப் பார்த்தும் நம்பிக்கை போகவில்லை. அறுந்த கயிற்றை, அது தன் வீட்டு லிஃப்டில் தொங்குகிறது என்பதற்காக, நல்ல கயிறு என்று எழுதிக் கொடுக்க அவருக்கு வராது.

அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறு அன்று ஆராதனை முடிந்து மூப்பர்கள் பின்னறையில் கூடினார்கள். டைலர், ஒரு பல் டாக்டர், இவர். பக்கத்து அறையில் யாரோ திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுகிற குழாய்ச் சத்தம் கேட்டது.

"ஏழாவது காலியா இருக்கே, பிரதர்?" என்றார் டைலர், படிவத்தைப் பார்த்து.

"நான் மனு போடலை. கிழிச்சிடுங்க."

பல் டாக்டர் நிமிர்ந்தார். "எதை ஏத்துக்க முடியலை? சொல்லுங்க, பேசிச் சரிபண்ணலாம். சங்கத்துல எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"எல்லாத்தையும் ஏத்துக்கிறேன்."

"அப்ப 'இல்லை'ன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போலாமே."

"மறுத்துச் செத்தவனைப் பத்தின பகுதி. அதை நான் நம்புறேன். என் பையன் போயிட்டான், அவனுக்கு மீட்பு இல்லை. தெரிஞ்சுதான் இருக்கேன். ஆனா அவன் அம்மா முன்னாடி நின்னு அதைச் சொல்ல என்னால ஆகாது. சொல்லாம விட்டா நான் பிரசங்கியும் இல்லை."

டைலர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்போதுதான் குழாய்ச் சத்தம் நின்றுபோயிருப்பது லிஃப்ட்காரருக்கு உறைத்தது.

எழுந்து போய்ப் பார்த்தார். மனைவி ஈரக் கையோடு தொட்டியருகே நின்றிருந்தாள். கிண்ணம் கழுவுவது அன்றைக்கு அவள் முறை என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

"உனக்காகத்தான் வேணாம்னு சொன்னேன்."

"கேட்டுச்சு." ஒரு கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். "நாலு வருஷமா நீங்க வாயே திறக்கலை. என் பக்கம்தான் நிக்கிறீங்கன்னு நினைச்சுட்டேன்."

"இந்தா பாரு..."

"லைசென்ஸ் வாங்கிட்டு மேல ஏறிச் சொல்லியிருந்தாக்கூட, பதவிக்காகச் சொல்றாருன்னு விட்டிருப்பேங்க. இப்ப எதுக்காகச் சொன்னீங்கன்னு நினைக்கட்டும்?"

மிச்சக் கிண்ணங்களையும் துடைத்து, அலமாரியில் அடுக்கிப் பூட்டிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். வழி முழுக்க அவருக்கு நாலடி முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் தலையணையை எடுத்துக்கொண்டு பையனின் அறைக்குள் போனாள்.

லிஃப்ட்காரர் கதவுக்கு வெளியே நின்றார். அந்தப் பகுதியை நம்பவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவள் வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். கதவைத் தட்டவில்லை. பிறகு தன் அறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார்.