வீட்டு வண்டியின் கதவு

அன்றைக்கு வண்டிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். டிரைவர் சீட்டைப் பிரிக்கும் தடுப்பில் முதுகைச் சாய்த்து, ஸ்டவ் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் பாஞ்சாலி. அவளுக்கு வலது கைப்பக்கம், வெளியே மதிலோடு ஒட்டி நின்ற ஜன்னலோரம், கணவர் ஆதிகேசவன். எதிர்ப் பெஞ்சில் சம்மணம் போட்டு, வண்டியை விலைக்குக் கேட்டு வந்த கோவிந்தப்பா. கடைசியில், தான் செய்த புதுக் கதவின் மேல் ஒரு கையை வைத்தபடி தச்சர் முனியப்பன். வெளியே மர்பி டவுன் முழுக்க மழை.

அது ஏலத்தில் எடுத்த பழைய மேட்டடார் வேன். பின்பக்கத்துத் திறந்த தொட்டியின் மேல் பிளைவுட்டும் அலுமினியத் தகடும் அடித்து, ஆதிகேசவனே ஓர் அறை கட்டினார். இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் ஆள் நடக்க வழி. படுக்கும் நேரத்தில் அந்த வழியின் மேல் ஒரு பலகையை இறக்கினால் அறை முழுக்கக் கட்டில்தான். தெருவே அதை வீட்டு வண்டி என்றது. மகள் மமதாவுக்கு எட்டு வயது ஆனதிலிருந்து அவள் கல்யாணம் வரைக்கும் ஒரு மே மாதம்கூட அவர்கள் வீட்டில் இருந்ததில்லை. சிவனசமுத்திரம், தலைக்காவேரி, ஏற்காடு.

மமதா கல்யாணமாகி நாக்பூர் போய் ஒன்றரை வருஷம். முதலில் நாலு பக்கத்துக்கு வந்த கடிதம் இரண்டானது, ஒன்றானது, பிறகு 'நலம், நலமறிய ஆவல்' என்று அரைப் பக்கத்தில் நின்றது. பாஞ்சாலி அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம்தான் மறுபடி நீளமாக ஒன்று வந்தது. 'அம்மா, இவருக்குப் பத்து நாள் லீவு. வீட்டு வண்டியில் ஏற்காடு போகலாமா? இவரிடம் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது.'

பாஞ்சாலி அதை அடுப்படியில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். ஆதிகேசவன் ஒரு தடவை கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கார் வெச்சிருக்கிற வூட்டுப் புள்ள. அவரைத் தகரப் பொட்டியில படுக்க வைக்கிறதா? சிரிப்பாரு பாஞ்சா. வண்டி வித்துட்டோம்னு எழுதிப் போடு."

"இன்னும் விக்கலியே."

"வித்துடறேன்."

விற்பதற்கும் கதவு வேண்டியிருந்தது. மார்ச்சில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பழைய கதவைச் சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் மாசக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அதனால் வீடுகளுக்கு நிலை வைக்கும் முனியப்பனையே பாஞ்சாலி கூப்பிட்டாள். ஆதிகேசவனுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்டு. கதவு வேலையை அவர் பார்க்கவே இல்லை. முனியப்பன் நல்ல நேரம் பார்த்துச் சட்டம் நிறுத்தினார். மஞ்சள் குங்குமம் வைத்தார், மாவிலை கட்டினார். "அக்கா, வாசக்கதவு வெளியே தொறந்தா, வர்ற மகாலட்சுமியை மாருல கைவெச்சுத் தள்ளுற மாதிரி. உள்பக்கமாத்தான் தொறக்கணும், இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார். பாஞ்சாலியும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆமாம், அதான் முறை," என்றாள்.

அந்த முறைதான் இப்போது நான்கு பேரையும் உள்ளே வைத்திருந்தது.

கோவிந்தப்பா வண்டியைப் பார்க்க ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. "ஒரு சொட்டு உள்ளே வராது பாருங்க," என்று முனியப்பன் கதவைச் சாத்தினார். கட்டில் எப்படி ஆகிறது என்று காட்ட ஆதிகேசவன் நடுப்பலகையை இறக்கினார். அது பெஞ்சு ஓரத்தில் வெட்டிய காடியில் டக்கென்று உட்கார்ந்தது. மழை சற்றுக் குறைந்ததும் முனியப்பன் கதவை இழுத்தார். நாலு விரல் வந்தது. பிறகு பலகையில் இடித்து நின்றது.

"பலகையைத் தூக்குங்கண்ணே."

"தூக்கணும்னா வெளியே நின்னு அடியிலிருந்து நெம்பணும். கதவு வெளியே தொறக்கும்னுதானேய்யா அப்படி வெச்சேன்?"

யாரையும் கன்னடத்தில் 'குரு' என்றே கூப்பிடும் கோவிந்தப்பா தச்சர் பக்கம் திரும்பினார். "ஏன் குரு, நீ கதவு வெச்சியா, எலிப்பொறி வெச்சியா?"

முனியப்பன் பலகையின் விளிம்பில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தார். நகம்தான் உடைந்தது. பாஞ்சாலி கதவு இடுக்கில் வாயை வைத்து, பக்கத்து வீட்டு ஃபாத்திமாவைக் கூப்பிடப் போனாள். ஆதிகேசவன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இரு. தெருவே கூடிச் சிரிக்கும். மழை நிக்கட்டும்."

"மழை நின்னா மட்டும் பலகை எழுந்து நிக்குமா?"

கோவிந்தப்பாவுக்கு எந்த அவசரமும் இல்லை. கால் நீட்டி உட்கார்ந்து அறையை அளந்தார். "சும்னே சொல்லலை குரு, நல்ல கட்டு. பொம்மனஹள்ளியில ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால நிறுத்திட்டா இட்லி பிச்சுக்கிட்டுப் போகும். இந்தப் பெஞ்சு ரெண்டையும் எடுத்துடுவேன். இந்த ஜன்னல் சுவரை இடுப்பு உயரத்துக்கு அறுத்துட்டா கவுண்டர்."

"எந்தச் சுவரை?" என்றார் ஆதிகேசவன்.

"இதான். நீ சாஞ்சிருக்கியே."

ஆதிகேசவன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் அதிலேயே சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு ஆறு சேர்ற சங்கமத்துல ஒரு தடவை," என்றார், யாரையும் பார்க்காமல். "ஆத்தோரம் நிறுத்தியிருந்தோம். விடியக்காலையில பார்த்தா ஒரு மாடு. இந்த ஜன்னல்ல தலையை உட்டு, மமதா பாவாடையை மென்னுக்கிட்டு இருக்குது. இவ எழுந்து கத்தினா கத்து, மாடு பாவாடையோட ஓடிப்போச்சு."

"நான் கத்தலை. நீங்கதான் கத்தினீங்க," என்றாள் பாஞ்சாலி. "மாடுன்னு தெரியாம 'யாருடா அவன்'னு கேட்டீங்க."

கோவிந்தப்பா தொடையில் அடித்துக்கொண்டார். முனியப்பனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாஞ்சாலி விடவில்லை. "அந்தப் புள்ள அன்னைக்குப் பூரா உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு ஆத்துல ஆடிச்சு. ஊருக்குத் திரும்பினப்புறம் பள்ளிக்கூடத்துல, டீச்சர்கிட்ட, எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிச்சு. அதுக்கு வெக்கமா இருந்துச்சா?"

மழை கூரையில் ஒரே சீராக விழுந்தது. மண்ணெண்ணெயும் ஈரப் பிளைவுட்டும் கலந்த அந்த வாசனை பாஞ்சாலிக்கு ஒவ்வொரு மே மாதத்தையும் திரும்பக் கொண்டுவந்தது. இந்த மனுஷன் வேண்டாமென்றால் கடிதம் மறுபடி அரைப் பக்கமாகும், அப்புறம் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அவ நம்மகிட்ட வேற எதையும் கேட்கலைங்க. இதைத்தான் கேட்டிருக்கா."

ஆதிகேசவன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு பலகையின் மேல் குப்புறப் படுத்து, இடுக்கில் வாயை வைத்து, தெருக்கோடிக்கே கேட்கும்படிக் கூவினார்.

"ஃபாத்திமாம்மா! ஓ ஃபாத்திமாம்மா! மாட்டிக்கினோம், வந்து எடுத்து உடும்மா!"

குடையோடு ஓடிவந்த ஃபாத்திமா இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். "அரே அல்லா! பாஞ்சாலிக்கா, உங்களைப் பார்சல் கட்டி எங்க அனுப்புறாங்க?" சிரிப்பு நிற்காமலேயே வீட்டுக்குப் போய் உலக்கையைக் கொண்டுவந்தாள். அதற்குள் நாலு வீட்டுக் கதவு திறந்துவிட்டது. எல்லோரும் பெஞ்சுகளின் மேல் குந்திக்கொண்டார்கள். உலக்கை இடுக்கு வழியாகப் பலகைக்கு அடியில் நுழைந்தது. ஃபாத்திமா மறுமுனையில் தொங்கினாள். பலகை கிளம்பி முனியப்பனின் முழங்காலில் இடித்தது. மகாலட்சுமிக்காக வைத்த மாவிலைத் தோரணம் அறுந்து கோவிந்தப்பாவின் தலையில் விழுந்தது. அவர் அதை எடுக்காமலேயே இறங்கினார். தெரு கைதட்டியது.

ஆதிகேசவன் கடைசியாக இறங்கினார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். கோவிந்தப்பாவின் தோளில் கைபோட்டு, "வண்டி இப்போ கொடுக்கறதா இல்லை, கோச்சுக்காதே," என்றார்.

"ஐயோ, தெரியும் குரு. சுவத்தை அறுக்கிறேன்னப்பவே உன் மூஞ்சி போச்சு. ஆனா கதவை மட்டும் திருப்பிப் போடு."

முனியப்பன் மறுநாளே கீல்களைக் கழற்றி, கதவை வெளியே திறக்கும்படி மாட்டினார். அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பாஞ்சாலி பெஞ்சில் உட்கார்ந்து இன்லேண்ட் லெட்டரை மடியில் விரித்தாள்.

"இன்னான்னு எழுத?"

"வரச் சொல்லு. மாப்பிள்ளை சிரிச்சா சிரிக்கட்டும், நாமளும் கூடச் சேர்ந்து சிரிப்போம்." ஆதிகேசவன் பலகையின் நுனியை அரத்தால் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "ஏற்காட்டுல விடியக்காலம் குளிரும். அவருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லு."

பாஞ்சாலி அதையும் எழுதினாள். மாட்டுக் கதையை மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடாதே, ஏற்காட்டில் அப்பாவே சொல்லட்டும் என்று எழுதினாள். இடம் முடிந்ததும் ஓரத்தில் குறுக்காகவும் எழுதினாள். மூன்றாக மடித்து, பசை ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினாள். மழை ஈரம் காயாத தெருவில் முனை வரைக்கும் நடந்து, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.