றம்ஸியா கை எடுக்கவில்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கிண்ணியாப் பாதையில் பொறுக்கியது. (பாதை என்றதும் வீதியை நினைப்பவர்களுக்கு: ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) 1968இல் ஒரு பிற்பகல், பக்கத்தில் நின்ற பாக்கியரத்தினம் என்பவர் சொல்லத் தொடங்கினார். கதை உச்சத்துக்கு வந்த இடத்தில் பாதை கரை தட்டியது. மனுசன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயே போய்விட்டார். முடிவில்லாத கதையொன்றோடு நான் துறையடியில் நின்றேன்.

2

முதல் வரி, முதல் தரம்: "கரடிமலையை முகில் மூடியிருந்தது." எந்த மலையைத்தான் முகில் மூடவில்லை? வெட்டிவிட்டேன்.

இரண்டாம் தரம்: "வானொலி என்பது மனிதகுலம் கண்ட மகத்தான —" இதை நானே வாசிக்க மாட்டேன்.

(துறைமுகத்துக்காரன் கடலை விட்டுவிட்டு மலைக்கு ஏன் போகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். கிண்ணியாவுக்கு இக்கரையில் இருக்கிற எங்கள் ஊரின் பெயரிலேயே மலை இருக்கிறது ஐயா, கொஞ்சம் பாவிக்க விடுங்கள். கரடிமலை மட்டும் நான் வைத்த பெயர். தேடிப் போய் நீங்களும் தொலைந்துவிடாதீர்கள்.)

2 (மறுபடியும்)

பாக்கியரத்தினம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞர். வேலை முடிந்து வந்தால், தானே பாகம் பாகமாகப் பூட்டிய றேடியோவில் உலகத்தோடு கதைப்பார். அதற்கு அனுமதிப்பத்திரமும் உண்டு. காட்டிலோ மலையிலோ யாராவது காணாமல் போனால், அவரும் றேடியோ திருத்தும் ஸெய்னுதீனும் கூப்பிடாமலே போய் நிற்பார்கள். ஸெய்னுதீன் ஒரு றேடியோப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு தேடுபவர்களோடு ஏறுவார். பாக்கியரத்தினம் மற்றப் பெட்டியோடும் கார் பற்றரியோடும் அடிவாரத்தில் இருப்பார்.

கரடிமலைக்குத் தேன் எடுக்கப் போன கிண்ணியா றஊப் மூன்று நாளாகத் திரும்பவில்லை. மழை வேறு. அவருடைய மனைவி றம்ஸியா அடிவாரத்துக்கே வந்து, பெட்டிக்கு முன்னால் இருந்துவிட்டாள்.

(றம்ஸியாவில் எனக்குச் சந்தேகம். என்னுடைய முதல் பிரதியில் அவள் அழுதுகொண்டே இருந்தாள். பாக்கியரத்தினம் கண்ட றம்ஸியா அழவில்லை. பெட்டியெல்லாம் தூசு என்று முக்காட்டு நுனியால் துடைத்தாளாம். துடைத்தவளையே வைத்துக்கொண்டேன்.)

3

பின்னேரம் நாலு மணிக்கு மேலேயிருந்து ஸெய்னுதீனின் குரல் வந்தது.

"ஆளைக் கண்டுட்டம். கீழ கல்லிடுக்குல கெடக்கார். அசைவு தெரியல்ல. எறங்கிப் பாத்துட்டுச் சொல்றன்."

றம்ஸியா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் ஒரு சொல்லுக் கதைக்கட்டா? பெட்டியால சத்தமா வந்தா அவருக்குக் கேக்கும்."

"கதையுங்கோ தங்கச்சி. இந்தப் பொத்தானை அமத்திக்கொண்டு கதைக்கவேணும். கையை எடுத்தாத்தான் அங்கால கதைக்கிறது எங்களுக்குக் கேக்கும்."

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி ஒண்டும் வராது."

அவள் பொத்தானை அமத்தினாள்.

"இஞ்சேருங்க, ஒங்களத்தான். மழைக்குப் போகாதீங்கண்டு சொன்னனா இல்லையா? கூரை ரெண்டு எடத்துல ஒழுகுது. போன நோம்புக்குள்ள மேஞ்சு தாறண்டு சொன்னீங்க. ஆடு நீங்க உடுக்கிற நீலச் சாரத்தத் திண்டுட்டு. நான் அதுக்கு அடிக்கவுமில்ல, நீங்க வந்து அடிங்க..."

ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஆறு நிமிடம். பற்றரியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. றஊப் உயிரோடிருந்தால் அடிவாரத்தில் காத்திருக்கும் டொக்டரை மேலே அனுப்பவேண்டும். அதை ஸெய்னுதீன் சொல்லவேண்டும். அவர் சொல்வது கேட்பதற்கு இவள் கை எடுக்கவேண்டும். பாக்கியரத்தினம் கண்ணால் கெஞ்சினார், கையால் கெஞ்சினார். இன்னொருவரின் மனைவியுடைய விரலைப் பிடித்து எடுக்க அந்த மனுசனால் ஏலாது.*

* வயரைக் கழற்றியிருக்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: பாதையில் நானும் அதைத்தான் கேட்டேன். "கையைக் கொண்டு போனனான். அவ என்ரை முகத்தைப் பாத்தா. பிறகு என்னெண்டு தம்பி கழட்டுறது?" என்றார். அப்போதுதான் பாதை கரை தட்டியது.

4

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) றஊப் கண்ணைத் திறந்து, "எந்தச் சாரத்தத் திண்டது?" என்று கேட்கிறார். (என் மனைவி இதுதான் சரி என்றாள். எனக்கும் ஆசைதான்.)

ஆ) ஸெய்னுதீன் இறங்கிப் பார்த்தபோது றஊப் — இந்த வரியை நாலு தரம் தொடங்கிவிட்டேன்.

இ) பற்றரி சாகிறது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போகிறது. (இது சுத்தக் கோழைத்தனம்.)

5

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். கச்சேரி என் வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடம். போய்ப் பாக்கியரத்தினத்திடம் கேட்டிருக்கலாம். நாலு மாதமாகப் போகவில்லை. முதல் வரியை மாற்றினேன், மலைக்குப் பெயர் வைத்தேன், அடைப்புக்குறிக்குள் பகிடி விட்டேன். றம்ஸியா கூரையையும் ஆட்டையும் பிடித்துக்கொண்டது எதற்கோ, நானும் அதற்குத்தான். எழுதிக்கொண்டிருக்கும்வரை றஊப் சாகவில்லை. எனக்கு அவ்வளவு பயம்.

ஆனால் கல்லிடுக்கில் கிடப்பவர் நாலு மாதம் பொறுக்கமாட்டார். பற்றரியும் பொறுக்காது.

றம்ஸியாவுக்கு இப்போது ஏச்சுத் தீர்ந்துவிட்டது. விரல் மட்டும் பொத்தானில் இருக்கிறது.

"ஐயா, நான் எடுக்கட்டா?"

பாக்கியரத்தினம் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

எடுக்கச் சொல்லுங்கள். நான் பேனையை வைத்தால்தான் மலையில் கதைப்பது உங்களுக்குக் கேட்கும். வைக்கிறேன்.